பட்டியலில் இல்லாத ஓட்டுநர்

சுனாமி தாக்கிய சில நாட்களில், 2005ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில், நாகப்பட்டினத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை பார்வைக்கு மிக எளியது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பகுதி மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிக்கூடங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் சென்று, குடும்பத் தலைவரின் பெயரையும் உறுப்பினர்களின் எண்ணிக்கையையும் நீளக் குறிப்பேடு ஒன்றில் எழுதி, அரிசிக்கும் பாய்க்கும் பாத்திரங்களுக்குமான டோக்கனைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்கெழுத ஏற்றவன் என்று ஒரு தொண்டு நிறுவனம் என்னைச் சேர்த்துக்கொண்டது.

"வீட்டுல எத்தனை பேரு?" என்ற கேள்வியை ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறையாவது கேட்டிருப்பேன். "ஆறு பேரு" என்று பழக்கத்தில் பதில் வந்துவிடும். நான் எழுதி முடித்து நிமிர்வதற்குள், "இல்ல தம்பி, நாலு பேருன்னு போட்டுக்க" என்று திருத்தம் வரும். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் அருகில் எழுதியவர் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது தணிக்கைக்காக எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. ஆகவே ஆறை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைக் கிறுக்குவேன். ஒரு பக்கத்தில் என் சுருக்கொப்பம் பதினோரு இடங்களில் இருந்ததை இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூட்டல் சரிபார்க்கும்போது கவனித்தேன். அதன் பிறகு பல மாதங்கள், வேறெந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் விரல்கள் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகரும்.

இதை ஒரு பாதிப்பு என்று நான் அன்று நினைக்கவே இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களும், பல மதங்களையும் இயக்கங்களையும் சேர்ந்த தொண்டர்களும், கல்லூரி மாணவர்களும் நாள்கணக்கில் உடல்களைத் தூக்கியிருந்தார்கள். நானோ ஓர் உடலையும் தொடவில்லை; நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது சொல்வதே அநாகரிகமாகப் பட்டது. நிவாரணப் பணியில் இருப்பவர்களிடையே துயரத்துக்கும் ஓர் உயர்வு தாழ்வு வரிசை உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு மேல் இருப்பவரைக் காட்டி, தன் வலி பேசத் தகுந்ததல்ல என்று முடிவு செய்துகொள்வார்கள். அந்த வரிசையின் உச்சியில் இருப்பவரோ, அவருடைய வாழ்க்கையே பேசுவதற்கு இடமில்லாத வாழ்க்கை என்பதால், பேசமாட்டார்.

எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். நிறுவனம் நாள் வாடகைக்கு எடுத்திருந்த மினி லாரியின் ஓட்டுநர் அவர். கடற்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, கடலுக்குப் போகாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர். டிசம்பர் 26ஆம் தேதி மதியத்திலிருந்து நான்கு நாட்கள் அதே வண்டியில்தான் உடல்களை ஏற்றிச் சென்றிருக்கிறார்; ஏற்றியவர்களில் அவருடைய அக்காளின் பிள்ளைகள் இருவரும் உண்டு. ஐந்தாம் நாள் வண்டியைக் கழுவிவிட்டு எங்களிடம் அரிசி மூட்டை ஏற்ற வந்தார். நாங்கள் அங்கிருந்த மூன்று மாதங்களும், ஒவ்வொரு மாலையும் வண்டியின் பின்பகுதியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அதில் அப்போது அரிசியும் பருப்பும் தவிர வேறெதுவும் போகவில்லை. பவுடர் வாடை அரிசியில் ஏறுகிறது என்று கிடங்குப் பொறுப்பாளர் அவரை ஒருநாள் கடிந்துகொண்டது எனக்கு நினைவிருக்கிறது. தலைகுனிந்து கேட்டுக்கொண்டவர், மறுநாளும் கழுவினார்.

பிப்ரவரியில் தலைமை அலுவலகம் எங்கள் மனநலத்தைப் பற்றி யோசித்தது. நகரத்திலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். மண்டபம் ஒன்றில் பதினான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொருவரும் தான் பார்த்த மிக மோசமான காட்சியையும் அப்போது மனத்தில் எழுந்த முதல் எண்ணத்தையும் சொல்ல வேண்டும் என்றார். நல்ல மனிதர், அவர் கற்ற முறை அதுதான். மூன்று மணி நேரம் நடந்தது. அதுவரை என்னிடம் என் குறிப்பேட்டுத் திருத்தங்கள் மட்டுமே இருந்தன. வெளியே வரும்போது மற்ற பதின்மூன்று பேரின் காட்சிகளும் என்னோடு வந்தன. அவற்றில் ஒரு முள்வேலியும் ஒரு பள்ளிப் பையும் இன்றைக்கும் சில சமயம் என் கனவில் வருகின்றன. அவற்றை நான் நேரில் பார்த்ததே இல்லை. அன்று மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஓட்டுநர் வண்டியில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பணியாளர் பட்டியலில் இல்லை. வாடகை வண்டிக்கான செலவுச் சீட்டில்தான் இருந்தார். ஆகவே அழைக்கப்படவில்லை.

அந்த வட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்கும் அவசர மருத்துவ ஊழியர்களுக்கும் பயன்படும் வகையில், ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983இல் முன்வைத்த முறையிலிருந்து கிளைத்தது அது. பயங்கரமான நிகழ்வு ஒன்று முடிந்த சில நாட்களுக்குள் அதில் ஈடுபட்டவர்களைக் கூட்டி, நடந்ததையும் நினைத்ததையும் உணர்ந்ததையும் படிப்படியாகப் பேசவைத்தால், பின்னாளில் வரக்கூடிய மன வடுவைத் தடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மனத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நம் வீடுகளிலும் சொல்வதுதானே. இருபது ஆண்டுகள் உலகமெங்கும் நிறுவனங்கள் இதைக் கடமைபோல் நடத்தின. ஆனால் ஒருமுறை மட்டும் நடத்தப்படும் இத்தகைய அமர்வுகளைப் பற்றிய சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, பின்னாளைய பாதிப்பை அவை தடுப்பதற்குச் சான்றில்லை என்று 2002இலேயே கூறிவிட்டது. அவற்றில் ஒரு சோதனையில், அமர்வுக்கு உட்பட்டவர்களின் நிலை உட்படாதவர்களைவிட மோசமாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் பின்னர் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை என்று தெளிவுபடுத்தியது. நாங்கள் நாகையில் வட்டமாக உட்கார்ந்தது அந்த மதிப்பாய்வு வெளிவந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து. ஆய்வுக் கூடத்திலிருந்து கடற்கரை மண்டபத்துக்கு ஒரு செய்தி நடந்து வரவே அவ்வளவு காலம் பிடிக்கிறது.

பேசவே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பேச வேண்டும் என்று தோன்றும்போது, தான் தேர்ந்துகொண்ட ஒருவரிடம், தனக்கு வேண்டிய அளவு பேசுவது ஒன்று. தேதி குறித்து, கதவைச் சாத்தி, முறை வைத்துப் பேசவைப்பது முற்றிலும் வேறொன்று. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டாளி அமைப்புகளும் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இந்த வேறுபாட்டைத்தான் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. நிலைமையைப் பார், சொல்ல வருவதைக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு என்ற மூன்று செயல்களைச் சொல்லும் அது, நடந்ததை விவரிக்கும்படி யாரையும் வற்புறுத்தாதே என்கிறது. உதவி செய்பவர் தன்னையும் தன் சக பணியாளரையும் கவனித்துக்கொள்வதற்கென்று ஓர் அத்தியாயமே அதில் இருக்கிறது. பயிற்சிகளில் நேரம் போதாமல் கடைசியில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் அந்த அத்தியாயமாகத்தான் இருக்கும். பின்னாளில் நானே பயிற்சி நடத்தும் பொறுப்புக்கு வந்தபோது, இரண்டு முறை அதை மாலைத் தேநீருக்குப் பிந்தைய அரைமணி நேரத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.

இதற்கும் முன்பே, 2007இல், நெருக்கடிக் காலங்களில் மனநல ஆதரவு குறித்துப் பல ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டன. பாதிக்கப்பட்ட மக்களுக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் காப்பதற்கென்று ஒரு தனிப் பகுதி அதில் உண்டு. அதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. ஆழமான உளவியல் எதையோ எதிர்பார்த்திருந்தேன். அதிலோ வேலை நேரத்தை வரையறுப்பது, ஓய்வு நாளைக் கட்டாயமாக்குவது, பணியாளருக்கு நல்ல உணவும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்ப்பது, யாருக்கு என்ன பொறுப்பு என்பதை எழுதித் தருவது, உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் காட்டப்படும் பாகுபாட்டைக் குறைப்பது என்று அலுவலக நிர்வாகிக்குச் சொல்வதுபோல் பேசியிருந்தார்கள். பிறகு ஓரிடத்தில் நின்றேன். பயங்கர நிகழ்வொன்றைச் சந்தித்த பணியாளர் ஒவ்வொருவரையும், ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மனநல வல்லுநர் ஒருவர் தாமாகத் தொடர்புகொண்டு அவருடைய நிலையை அறிய வேண்டும் என்கிறது அது. ஒவ்வொருவரையும் என்பதற்கு விளக்கமாக மொழிபெயர்ப்பாளர், தன்னார்வலர் ஆகியோரோடு ஓட்டுநர் என்ற சொல்லும் அங்கே அச்சாகியிருந்தது. அந்தச் சொல்லை அங்கே சேர்த்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரும் எங்கோ ஒரு மரத்தடியில் ஒரு வண்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர் என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சு. நிவாரணப் பணியாளர் என்றதும் விமானத்தில் வந்து இறங்கும் ஒருவரின் உருவமே மனத்தில் எழுகிறது. உண்மையில் உலகமெங்கும் இவ்வேலையைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த மண்ணின் மனிதர்கள். கொல்லப்படுபவர்களிலும் அவர்களே அதிகம். 2003 ஆகஸ்ட் 19ஆம் தேதி பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபோது, சிறப்புத் தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தனர். அந்நாளே உலக மனிதநேய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 ஆகஸ்ட் 4ஆம் தேதி, திருகோணமலை மாவட்டம் மூதூரில் பிரெஞ்சு அமைப்பு ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமிக்குப் பிந்தைய மீட்புப் பணியில் இருந்தவர்கள். அந்தக் கொலைக்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2024இல் உலகெங்கும் கொல்லப்பட்ட நிவாரணப் பணியாளர்கள் 383 பேர் என்று ஐ.நா. அறிவித்தது, அதற்கு முந்தைய எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் இறந்ததில்லை. அவர்களிலும் காசாவின் காசாவாசிகளும் சூடானின் சூடானியர்களுமே அதிகம்.

2012இல் ஒரு பயிற்சிக்காகக் கொழும்பு சென்றிருந்தபோது, வன்னியில் பணியாற்றிய சிலரோடு மூன்று நாட்கள் இருக்க வாய்த்தது. 2008 செப்டம்பரில் அரசு உத்தரவின்படி உதவி நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, வெளிநாட்டவர்கள் வாகனங்களில் ஏறிப் போனார்கள். உள்ளூர்ப் பணியாளர்களில் பலர் குடும்பத்தோடு உள்ளேயே நின்றுவிட நேர்ந்தது. அதன் பிறகு நடந்தவை எல்லோரும் அறிந்தவை. போர் முடிந்ததும், உயிரோடு மீண்டவர்களில் சிலர் முகாம்களில் மீண்டும் அதே வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவரான ஓர் அக்கா, உணவு இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "எங்கட சனத்துக்கு நாங்கள் பதிவு எழுதேக்க, எங்கட பெயரையும் அதே கொப்பியிலதான் எழுதினனாங்கள். பிறகு எங்களுக்கு ஆர் உதவி எண்டு கேக்க ஒரு மாதிரி இருந்தது, தம்பி." பதிவு எழுதுபவரும் பதிவில் இருப்பவரும் ஒருவரே என்ற நிலையை நாகைக் குறிப்பேட்டோடு அலைந்த நான் கற்பனைகூடச் செய்ததில்லை. மாலையானால் எனக்கு மயிலாடுதுறைக்குப் போக ஒரு பேருந்து இருந்தது.

வன்னிப் பகுதியின் உள்ளூர்ப் பணியாளர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வொன்றில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், பாதியைச் சற்றே தாண்டியவர்களிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் மன வடுவின் அறிகுறிகளும் காணப்பட்டன. அதே ஆய்வாளர்கள் வெளிநாட்டுப் பணியாளர்களைப் பணிக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனித்த மற்றோர் ஆய்வு 2012இல் வந்தது. புறப்படும்போது பத்தில் ஒருவரிடம் இருந்த மனச்சோர்வு, திரும்பும்போது ஐந்தில் ஒருவரிடம் இருந்தது. அதிலும் கவனிக்க வேண்டிய செய்தி, பயங்கர நிகழ்வுகளோடு அன்றாடத் தொல்லைகளும் சேர்ந்தே அவர்களை அழுத்தின என்பதுதான். முடிவில்லாத வேலை, தெளிவில்லாத உத்தரவு, பாராட்டாத மேலாளர், சக பணியாளரோடு சண்டை. கேட்டால் சலிப்பூட்டும் பட்டியல். ஆனால் சுனாமியை எந்த மேலாளராலும் நிறுத்த முடியாது. இந்தப் பட்டியலில் இருப்பவற்றைத் திங்கட்கிழமை காலையிலேயே சரிசெய்யத் தொடங்கலாம். அதனால்தானோ என்னவோ, நிறுவனங்களுக்கு ஆலோசகரை அழைப்பது இதைவிட எளிதாகத் தோன்றுகிறது.

இலங்கைத் தமிழில் இந்தத் துறைக்கென்று வளமான சொற்கள் உள்ளன. மனநல ஆலோசனையை உளவளத்துணை என்பார்கள், மன வடு என்ற சொல்லும் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் எழுத்துகள் வழியே பரவியதுதான். எனக்கு மிகவும் பிடித்தது ஆற்றுப்படுத்தல் என்ற சொல். ஆற்றுதல் என்ற பொருளில் அது புழங்கினாலும், எனக்கு அது பழைய ஆற்றுப்படையையே நினைவூட்டுகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனிடம், நான் இந்த வழியாகத்தான் போனேன், இன்ன காட்டைக் கடக்க வேண்டும், இன்ன ஊரில் சோறு கிடைக்கும் என்று சொல்கிறான். அறிவுரை கிடையாது, ஆராய்ச்சி கிடையாது. தான் நடந்த பாதையைச் சொல்கிறான். நிவாரணப் பணியாளர்களிடையே சக பணியாளர் துணை என்று இன்று பயிற்சி கொடுத்து அமைக்கப்படும் ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. மூன்றாம் வாரம் உனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும், எனக்கும் வந்தது. வீட்டுக்குப் போனதும் பேச்சே பிடிக்காது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வராமல் நீடித்தால் மருத்துவரைப் பார், நானும் பார்த்தேன். இப்படி ஒருவர் சொல்வதற்கு நிகராக எந்தச் சுவரொட்டியும் பேசாது.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் புரட்டிப் போட்டபோது, நான் வேறொரு அமைப்பில், பணியாளர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கரும்பலகை ஒன்றில் எல்லோருடைய பெயரையும் எழுதினோம்; வாடகை வண்டி ஓட்டுநர்கள், மூட்டை தூக்குபவர்கள், சமையல்காரர் உட்பட. ஏழாம் நாள் விடுப்பு என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் பெரும் போராட்டமாக இருந்தது. "நான் போயிட்டா தார்ப்பாய் யாரு சார் கொடுப்பா?" என்று கண்கள் சிவக்க நின்ற ஒரு பையனை, அவனுடைய ஊருக்குப் பேருந்து ஏற்றிவிடுவதற்கு எனக்கு ஒருமணி நேரம் ஆனது. அவனுடைய வீட்டுக் கூரையும் பறந்திருந்தது என்பது அந்த ஒருமணி நேரத்தில்தான் தெரியவந்தது. தார்ப்பாய் பெறுவோர் பட்டியலில் தன் பெயரை அவன் எழுதவே இல்லை. எழுதினால் மற்றவர்கள் தப்பாக நினைப்பார்களாம்.

அந்த மாதத்தில் திருமண மண்டபங்களிலும் பள்ளிகளிலும் படுத்துறங்கி, கம்பம் கம்பமாக நிமிர்த்திய மின்வாரிய ஊழியர்களைப் பற்றியும் எழுத வேண்டும், கேரளத்திலிருந்தும் வந்திருந்தார்கள். மின்சாரம் வரவில்லை என்று மக்கள் அவர்களைத் திட்டினார்கள், வந்ததும் மாலை போட்டார்கள்; இரண்டுக்கும் நடுவே அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. பிரிந்து கிடக்கும் அரசு ஊழியர், ஒப்பந்தத் தொழிலாளி, கட்சித் தொண்டர், கல்லூரி மாணவர் ஆகியோரையெல்லாம் நிவாரணப் பணியாளர் என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவராத வரையில், எந்த வழிகாட்டி நூலும் அடையாள அட்டை தொங்கும் கழுத்துகளோடு நின்றுவிடும். இப்போது 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை எந்நேரமும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம் என்பது 2005இல் இல்லாத வசதி. நான் பார்த்த வரையில், தோளில் தார்ப்பாய் சுமப்பவர் தாமாக அந்த எண்ணை அழைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் அழைத்துக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கஜா வேலை முடிந்து திரும்பும் வழியில் நாகையில் இறங்கி, அந்த ஓட்டுநரைத் தேடிப் போனேன். அறுபதை நெருங்கியிருந்தார். வண்டியை எப்போதோ விற்றுவிட்டு, மகனுடைய ஐஸ் கம்பெனி வேலையில் ஒத்தாசையாக இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தேநீர் வாங்கித் தந்தார். நெடுநேரம் பழைய ஆட்களைப் பற்றிப் பேசிவிட்டு, பிப்ரவரி மாதத்து மண்டப அமர்வை நினைவூட்டினேன். எங்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டார்கள், உங்களை யாரும் கேட்கவில்லையே அண்ணே, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

கண்ணாடி டம்ளரை இரண்டு விரலால் சுற்றிக்கொண்டே சிறிது நேரம் யோசித்தார்.

"என்ன சொல்லியிருப்பேன்னு தெரியல தம்பி. அழுதிருக்க மாட்டேன். ஆனா யாராவது வந்து கேட்டிருந்தா, ரெண்டு நாளைக்கு மட்டும் வண்டியை வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேன்."